வீடு மாறும் பிள்ளை படிப்பை இழக்கக் கூடாது: கொழும்பில் பாடசாலை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ்மொழிப் பாடசாலைகளில் 20 வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உறவுக்காரர் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கும், சுருக்கமாகச் சொன்னால் வளர்ப்புப் பிள்ளைகளுக்கு, பாடசாலை மாறும் நேரத்தில் கூட நின்று உதவி வருகிறேன். இல்லத்து மேற்றன்மார், அம்மம்மாமார், சித்திமார், புதிதாக வேலைக்கு வந்த உத்தியோகத்தர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் இவை. 6ஆம் தரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். சின்ன வகுப்பில் ஒரு மாதம் தவறினால் பிடித்துவிடலாம். 10ஆம் தரத்தில் தவறும் ஒரு மாதம், 11ஆம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேற்றில் தெரியும்.

வளர்ப்புப் பிள்ளை என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்?

பெற்ற தாய் தகப்பனிடம் இருக்க முடியாமல் வேறு ஒருவரின் பொறுப்பில் வளரும் எல்லாப் பிள்ளைகளையும்தான். கொழும்பில் இது மூன்று விதமாக நடக்கிறது. சில பிள்ளைகள் நீதிமன்றக் கட்டளையோடு சிறுவர் இல்லத்துக்கு வருகிறார்கள். சிலரை, 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தின் கீழ், தகுதியானவர் என்று நீதவான் கருதும் ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள். நீதிமன்ற வளவில் இதை எல்லாரும் ‘பிட் பேர்சன் ஓடர்’ என்றே சொல்வார்கள். மூன்றாவது வகைதான் பெரிய கூட்டம். அம்மா குவைத்துக்கோ சவூதிக்கோ போயிருப்பார், அப்பாவின் தொடர்பு இருக்காது, பிள்ளை அம்மம்மாவோடு கொட்டாஞ்சேனையில் இருக்கும். கையில் ஒரு கடதாசியும் இருக்காது. பாடசாலை மாறும்போது அதிகம் அலைவது இவர்கள்தான்.

இல்லம் மாறினால் பாடசாலையும் மாறத்தான் வேண்டுமா?

இல்லை. நான் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான். ‘புது இடத்துக்குப் போகிறது, ஆகவே பக்கத்துப் பாடசாலையில் போடுவோம்’ என்று பெரியவர்கள் தங்கள் வசதிக்கு முடிவெடுத்துவிடுகிறார்கள். கொழும்புக்குள்ளேயே இடம் மாறும் பிள்ளைக்குப் பல நேரம் பழைய பாடசாலையே எட்டும் தூரத்தில் இருக்கும். மட்டக்குளியில் இருந்து 155 பஸ்ஸில் ஏறி வந்து படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். மாணவர் சீசன் டிக்கெட் எடுத்தால் செலவும் குறைவு. வீடு போய், அம்மா போய், படுக்கும் கட்டிலும் மாறிப்போன பிள்ளைக்கு மாறாமல் மிஞ்சியிருப்பது அந்த வகுப்பறையும் பக்கத்து மேசைச் சிநேகிதியும்தான். அதையும் பிடுங்குவதற்கு முன் ஒரு பஸ் பயணத்தைப் பற்றி யோசியுங்கள்.

11ஆம் தரத்திலும், உயர்தரப் பரீட்சை எழுதும் 13ஆம் தரத்திலும் இருக்கும் பிள்ளையை, பாதுகாப்புக் காரணம் இருந்தால் தவிர, மாற்றவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மற்ற வகுப்புகளிலும் தவணை முடியும் வரை பொறுக்க முடியுமா என்று பாருங்கள்.

இதைச் சொல்ல வேண்டிய இடமும் நேரமும் உண்டு. நீதவான் முன் போகும் அறிக்கையை எழுதுபவர் நன்னடத்தை அதிகாரி. வழக்குத் தவணைக்கு முன்பே அவரிடம் போய், ‘பிள்ளை இந்தப் பாடசாலையில் இந்த வகுப்பில் படிக்கிறது, பரீட்சை இந்த மாதம்’ என்று சொல்லி, அதையும் அறிக்கையில் எழுதும்படி கேளுங்கள். கட்டளை வந்த பிறகு ஓடுவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

ஆனால் பிள்ளையைத் துன்புறுத்தியவர் பழைய பாடசாலைப் பக்கம் நடமாடுகிறார் என்றால் பேச்சே வேண்டாம். அன்றைக்கே மாற்றுங்கள்.

என்னென்ன கடதாசி எடுத்துவர வேண்டும்?

விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், நீதிமன்றக் கட்டளையின் பிரதி அல்லது நன்னடத்தை அதிகாரியின் கடிதம், கடைசி மூன்று தவணைகளின் தேர்ச்சி அறிக்கை. அடையாள அட்டை எடுத்திருந்தால் அதன் பிரதி. 5ஆம் தரப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்து உதவிப்பணம் பெறும் பிள்ளை என்றால், அதைப் பற்றிப் பழைய அதிபரின் கடிதம் ஒன்று. இவ்வளவையும் எல்லாரும் சொல்வார்கள்.

எல்லாரும் மறப்பது அப்பியாசக் கொப்பிகளை.

சில வருடங்களுக்கு முன் ஹட்டன் பக்கத்தில் இருந்து ஒரு பிள்ளை கொழும்பு இல்லம் ஒன்றுக்கு வந்தாள். 10ஆம் தரம். பொலிஸில் இருந்து நேரே கூட்டிவந்ததால் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு சட்டையும் ஒரு சோடி சப்பாத்தும் மட்டும்தான் இருந்தன. சட்டைக்குள்ளே சுற்றி ஒரு கணிதக் கொப்பியை அவளே எடுத்து வந்திருந்தாள். பிறவுண் பேப்பர் உறை போட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் கோடு அடித்த கொப்பி. கடைசிப் பக்கத்தில் ‘மடக்கை’ என்று தலைப்பு, மூன்று கணக்கு, கீழே ஆசிரியையின் கையொப்பமும் திகதியும். அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் அவள் எது வரை படித்திருக்கிறாள் என்று என்னால் புதிய ஆசிரியருக்குச் சொல்ல முடிந்தது. விஞ்ஞானக் கொப்பியும் வரலாற்றுக் கொப்பியும் இல்லாததால் அந்த இரண்டு பாடங்களிலும் அவள் எங்கே நிற்கிறாள் என்று கண்டுபிடிக்கவே ஐந்து வாரம் போனது.

ஆகவே யார் பிள்ளையைக் கூட்டிவருகிறாரோ அவரிடம் சொல்லிவையுங்கள்: உடுப்புக்கு முன் கொப்பிகள். எடுக்கவே வழியில்லை என்றால் பழைய வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போட்டு, ஒவ்வொரு பாடத்திலும் எத்தனையாவது அலகு வரை முடிந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம், ஒரே அரச பாடநூல் என்பதால் அலகு இலக்கம் இருந்தால் போதும், புதிய ஆசிரியர் உடனே புரிந்துகொள்வார். சிநேகிதப் பிள்ளை ஒன்றிடம் கொப்பியை வாங்கிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். நான் எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறேன்.

விடுகைப் பத்திரம் வரவில்லை, அது வரும் வரை சேர்க்க முடியாது என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் அது ஏன் வரவில்லை என்று பாருங்கள். பல நேரம் காரணம் சின்னது. நூலகப் புத்தகம் ஒன்று திருப்பிக் கொடுக்கப்படவில்லை, இலவசப் பாடநூல்கள் கணக்கில் வரவில்லை, யாரும் கேட்டு எழுதவில்லை, அவ்வளவுதான். பழைய அதிபருக்கு நன்னடத்தை அதிகாரியின் கடிதத்தோடு விண்ணப்பம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதியை அந்த வலயக் கல்விப் பணிமனைக்கும் போடுங்கள்.

அது வரும் வரை பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது. இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 2016இல் இருந்து 5 தொடக்கம் 16 வரை. கடதாசி பின்னால் வரும், பிள்ளையை இப்போதே வகுப்பில் இருக்க விடுங்கள் என்று புதிய அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே மறுப்பு வரும். எழுத்தில் கொடுத்து, பிரதியில் ‘கிடைத்தது’ என்று கையொப்பமும் திகதியும் வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. ஒரு பையன் 9ஆம் தரத்தில் இந்த ஒரு பத்திரத்துக்காக 11 வாரம் இல்லத்தின் முன் விறாந்தையில் இருந்தான். காலையில் மற்றப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வேனில் ஏறும்போது அவன் கேற்றைத் திறந்துவிடுவான். திரும்ப வகுப்புக்குப் போனபோது படிப்பு மட்டும் இல்லை, வகுப்பில் இருக்கும் பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிருந்தது. அந்த 11 வாரத்தில் நான் இரண்டு தடவைதான் அந்தப் பாடசாலைக்குப் போனேன். ஒவ்வொரு நாளும் போயிருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லை, அல்லது அதில் தகப்பன் பெயர் இல்லை. சேர்ப்பார்களா?

தகப்பன் பெயர் இல்லாதது பாடசாலை அனுமதிக்குத் தடை இல்லை. பதிவு இருந்து சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். பிறப்பே பதியப்படவில்லை என்றால் காலம் கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போக வேண்டும். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு அதிகாரியைப் பிடித்தால் அந்த வேலையில் கூட வருவார். பிள்ளைக்கு 15 வயதாவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். ஏன் என்று கீழே அடையாள அட்டை பற்றிச் சொல்லும் இடத்தில் தெரியும்.

எந்தப் பாடசாலையைத் தேடுவது?

பெயருக்குப் பின்னால் ஓட வேண்டாம். அந்த வகுப்பில் இடம் இருக்கிறதா, பிள்ளையின் பாடங்கள் அங்கே உண்டா, போய்வர முடியுமா என்ற மூன்றையும் பாருங்கள். கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, இரத்மலானை என்று தமிழ்மொழிப் பாடசாலைகள் இருக்கின்றன. பெரிய சிங்களப் பாடசாலைகள் சிலவற்றிலும், ரோயல் கல்லூரி, டீ.எஸ். சேனாநாயக்க கல்லூரி போன்றவற்றில், தமிழ்மொழிப் பிரிவு உண்டு. மாகாணப் பாடசாலை என்றால் அதிபருக்கு அடுத்தபடி வலயக் கல்விப் பணிமனை. தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாறிமாறி அலைந்தவர்கள் நிறையப் பேர்.

பாடசாலையின் வகையையும் பாருங்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வரை இருக்கும். 1சீ என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 என்றால் 11ஆம் தரத்தோடு முடிந்துவிடும். விஞ்ஞானத்தில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளையை 9ஆம் தரத்தில் வகை 2 பாடசாலையில் சேர்த்தால், சாதாரண தரத்துக்குப் பிறகு அவள் இன்னொரு தடவை மாற வேண்டும். ஒரு மாற்றத்திலேயே காரியத்தை முடிக்கப் பாருங்கள்.

இல்லத்தில் எல்லாரும் சிங்களம் பேசுகிறார்கள், பக்கத்தில் சிங்களப் பாடசாலைதான் இருக்கிறது. பிள்ளையைச் சிங்கள மொழிமூலத்தில் போட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். 6ஆம் தரத்துக்கு மேல் மொழிமூலம் மாறிய பிள்ளைகளில், படிப்பைப் பறிகொடுக்காமல் கரை சேர்ந்தவர்கள் என் கண்ணுக்கு மிகக் குறைவு.

அந்த இல்லத்துச் சகோதரிகளோ மேற்றனோ கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. மற்றப் பிள்ளைகளோடு ஒரே வேனில் போகட்டும், கூடி விளையாடட்டும் என்றுதான் நினைக்கிறார்கள். பிள்ளையும் ஆறு மாதத்தில் சிங்களத்தில் சரளமாகக் கதைக்கும். அதைப் பார்த்து ‘பிடித்துவிட்டாள்’ என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் விளையாடும் சிங்களம் வேறு, விஞ்ஞானப் புத்தகத்தின் சிங்களம் வேறு. தமிழில் ‘ஒளித்தொகுப்பு’ என்று படித்து விளங்கிய பிள்ளைக்கு அதே விஷயம் அங்கே ஒரு பெயர் தெரியாத பொருளாகிவிடும். தெரிந்த விடையையும் எழுதத் தெரியாமல் இருக்கும் அவமானம் பெரியது. சாதாரண தரத்தில் தாய்மொழிப் பாடம் கட்டாயம். தமிழை விட்டு வந்த பிள்ளை சிங்களத்தையே தாய்மொழிப் பாடமாக எழுத வேண்டிவரும்.

இலங்கை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகள் இரண்டில் எதன் மூலமும் கல்வி பெற ஒருவருக்கு உரிமை உண்டு என்கிறது. ஆகவே தமிழில் படித்து வந்த பிள்ளை தமிழில் தொடர வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. நன்னடத்தை அதிகாரியிடம் இந்த உறுப்புரையைச் சொல்லியே எழுதுங்கள். முடிந்தால் தமிழ்மொழிப் பாடசாலைக்குப் பக்கத்தில் உள்ள இல்லத்தையே முதலில் கேளுங்கள்.

இல்லத்தில் கிடைக்கும் சிங்களத்தை வீணாக்கவும் வேண்டாம். சாதாரண தரத்துக்குப் பிள்ளை தானே தெரிந்தெடுக்கும் தொகுதிப் பாடங்களில் இரண்டாம் மொழிச் சிங்களம் உண்டு. இப்படி வளரும் பிள்ளைகள் அதில் நல்ல பெறுபேறு எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

‘இடைவெளி விழுந்துவிட்டது, ஒரு வகுப்புக் கீழே போடுவோம்’ என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

இலேசில் சம்மதிக்க வேண்டாம். கீழே போடுவது பெரியவர்களுக்குச் சுலபமான தீர்வு. பிள்ளைக்கு அது ஒரு வருடம். அந்த ஒரு வருடம் 18 வயதில் திரும்பி வந்து நிற்கும், அதைப் பின்னால் சொல்கிறேன். தன்னைவிடச் சின்னவர்களோடு உட்காரும் பிள்ளை, ‘நான் மொக்கு’ என்று தானே முடிவு கட்டிவிடும்.

முதலில் பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரியும் என்று பாருங்கள். நான் செய்வது இதுதான். கணிதப் பாடநூலில் ஒவ்வொரு அலகின் கடைசியிலும் உள்ள பயிற்சியில் இருந்து இரண்டு கணக்கு எடுப்பேன். மேசையில் அமைதியாக உட்கார வைத்து, புள்ளி போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கொடுப்பேன். அந்த ஹட்டன் பிள்ளைக்கு முக்கோணிகளில் தேற்றம் நிறுவுவது வந்தது, ஈருறுப்புக் கோவை வந்தது, பின்னத்தில் தடுமாறினாள். பின்னத்தின் அடிப்படை 6ஆம், 7ஆம் தரத்து விஷயம். அந்த வருடங்களில்தான் வீட்டில் பிரச்சினை தொடங்கி அவள் அடிக்கடி பாடசாலைக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். ஆக ஓட்டை இருந்தது நாலு வருடத்துக்கு முந்தின இடத்தில். 9ஆம் தரத்தில் திரும்ப இருத்தினாலும் அங்கே யாரும் அவளுக்குப் பின்னத்தை அடியில் இருந்து படிப்பித்திருக்க மாட்டார்கள். ஒரு பாணை வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி நாலு சனிக்கிழமை பின்னம் செய்தோம். இல்லத்துச் சமையல் அக்கா எங்களுக்காகவே ஒரு பாணைக் கூடுதலாக வாங்கி வைப்பார். அடுத்த தவணையில் மடக்கை தானாக ஓடியது.

இந்த மாதிரி ஒரு தாளில், ‘இது தெரியும், இது தெரியாது, இதைச் சனிக்கிழமைகளில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எழுதி அதிபரிடம் கொடுங்கள். ஒரு தவணை பொறுத்துப் பாருங்கள் என்று கேளுங்கள். திட்டத்தோடு வருபவரை அதிபர்மார் மதிக்கிறார்கள். உண்மையிலேயே ஒரு வருடம் முழுக்கப் பாடசாலை பார்க்காத பிள்ளை என்றால் வேறு கதை. அப்போதும் பிள்ளையிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பழைய பாடசாலையில் எடுத்த தொகுதிப் பாடம் புதிய பாடசாலையில் இல்லை. என்ன செய்வது?

சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆறு பாடம் கட்டாயம். எல்லா இடத்திலும் அதே ஆறு. மிச்சம் மூன்றும் மூன்று தொகுதிகளில் இருந்து பிள்ளை தெரிந்தெடுப்பவை. சிக்கல் வருவது இங்கேதான். ஊரில் கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளை வரும் பாடசாலையில் சித்திரம் மட்டும் இருக்கும். விவசாயம் படித்தவன் வரும் இடத்தில் தகவல் தொழில்நுட்பம் மட்டும் இருக்கும்.

10ஆம் தரத்தின் முதல் தவணை என்றால் பாடத்தை மாற்றிவிடலாம், நட்டம் அதிகம் இல்லை. 11ஆம் தரம் என்றால் மாற்றக் கூடாது. அந்தப் பாடத்தை வெளியில் படித்துக்கொண்டு பரீட்சைக்கு அதையே எழுத விண்ணப்பிக்க முடியுமா என்று அதிபரிடம் கேளுங்கள். கொழும்பில் சங்கீதமும் பரதமும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்குப் பஞ்சம் இல்லை. பிள்ளையின் நிலைமையைச் சொன்னால் காசு வாங்காமல் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பாடசாலையைத் தேடும்போதே இந்த மூன்று பாடங்களையும் கையில் எழுதி வைத்துக்கொண்டு போனால் இந்தத் தலையிடியே வராது.

சமயப் பாடம்?

சைவநெறி படித்து வந்த பிள்ளையை, இல்லம் கத்தோலிக்க இல்லம் என்பதற்காகக் கத்தோலிக்கத்துக்கு மாற்றக் கூடாது. மறுபக்கமும் அப்படியே. அது பிள்ளையின் சமயம் என்பது முதல் காரணம். ஐந்து வருடம் படித்த ஒரு கட்டாயப் பாடத்தை இழக்கிறது என்பது இரண்டாவது.

சாதாரண தரத்துக்கு விண்ணப்பித்த பிறகு மாற வேண்டிவந்தால்?

பாடசாலைப் பரீட்சார்த்தியின் விண்ணப்பம் அதிபர் மூலமாகத்தான் போகும். விண்ணப்பித்த பாடசாலையின் பெயரிலேயே சுட்டெண்ணும் வரும். ஆகவே பழைய அதிபரிடம் சொல்லாமல் வந்துவிட வேண்டாம். அனுமதி அட்டை அவருடைய கைக்குத்தான் வரும். பரீட்சை நிலையத்தை மாற்றித் தரும்படி பரீட்சைத் திணைக்களத்துக்கு அதிபர் ஊடாக எழுதுங்கள். திணைக்களத்தின் 1911 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். நிலையம் மாறாவிட்டால் அந்த நாட்களுக்குப் பிள்ளை பழைய ஊரில் எங்கே தங்கும், யார் கூட இருப்பார் என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

அடையாள அட்டைக்கு 15 வயது நிறைந்ததும் விண்ணப்பிக்கலாம். பாடசாலை மூலம் போகும் விண்ணப்பத்தை அதிபர் உறுதிப்படுத்துவார், படம் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இடம் மாறிய பிள்ளையின் விண்ணப்பம் இரண்டு பாடசாலைக்கும் நடுவில் விழுந்துவிடும். பழையது ‘அவள் போய்விட்டாள்’ என்று விடும். புதியது ‘எங்கள் பட்டியல் அனுப்பியாகிவிட்டது’ என்று விடும். சேர்ந்த முதல் மாதத்திலேயே வகுப்பாசிரியரிடம் இதைக் கேளுங்கள்.

உயர்தரத்தில் மாறினால் பல்கலைக்கழக அனுமதி பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படலாம். இதை மலையகத்தில் இருந்தும் வடக்கில் இருந்தும் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கொண்டுவருபவர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் நாடளாவிய திறமையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இடங்கள் போகின்றன. எந்த மாவட்டம் என்பதைத் தீர்மானிக்க, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் பிள்ளை எந்தப் பாடசாலைகளில் படித்தது என்று பார்க்கிறார்கள். நுவரெலியாவிலோ முல்லைத்தீவிலோ படித்த பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுவந்தால், கொழும்பு மாவட்டத்தின் உயர்ந்த வெட்டுப்புள்ளியோடு அது போட்டி போட வேண்டிவரலாம். மாறிய திகதிகள் கொண்ட எல்லாக் கடதாசிகளையும் பத்திரமாக வைத்திருங்கள். மாற்றத்துக்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைந்நூலை வாசியுங்கள், தமிழிலும் வருகிறது.

சாதாரண தரத்தில் நினைத்த பெறுபேறு வராத பிள்ளைக்கும் கதவு மூடவில்லை. 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவு சில பாடசாலைகளில் உண்டு, அதற்குப் பெறுபேறு ஒரு தடை இல்லை.

பிள்ளைக்கு 18 வயதாகிவிட்டால் இல்லத்தில் இருக்க முடியாதே, உயர்தரப் பரீட்சை?

இந்தக் கேள்வி என் நெஞ்சை ஒவ்வொரு தடவையும் அடைக்கும். உயர்தரம் எழுதும் வயது 18, 19. இல்லத்தை விட்டுப் போகும் வயதும் 18. பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு பிள்ளை பையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஒரு வகுப்புக் கீழே போட வேண்டாம் என்று மேலே அழுத்திச் சொன்னதற்கு இதுவும் காரணம். 17ஆவது பிறந்தநாள் வரும்போதே நன்னடத்தை அதிகாரி, இல்லப் பொறுப்பாளர், வகுப்பாசிரியர் மூவரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசுங்கள். பரீட்சை முடியும் வரை இல்லத்திலேயே இருக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் உறவுக்காரர் வீடோ, பாடசாலை விடுதியோ, நம்பகமான பெண்கள் விடுதியோ என்று தேட ஒரு வருடம் கையில் இருக்கும். உயர்தரத்துக்கு 80 சதவீத வரவு கேட்பார்கள், இடம் மாறும் குழப்பத்தில் அதுவும் குறையாமல் பாருங்கள்.

ஆசிரியர்களிடம் பிள்ளையின் கதையை எவ்வளவு சொல்ல வேண்டும்?

அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் தேவையான அளவு. மற்றவர்களுக்கு வேண்டாம். ‘இல்லத்துப் பிள்ளைகள் கையைத் தூக்குங்கோ’ என்று வகுப்பில் சொன்ன ஓர் ஆசிரியரை எனக்குத் தெரியும். சப்பாத்து வவுச்சர் கொடுக்கத்தான் கேட்டார். அன்றைக்குக் கையைத் தூக்காமல் இருந்த பிள்ளை அந்த வருடம் முழுக்கப் பழைய சப்பாத்தோடு வந்தாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருவார், தேர்ச்சி அறிக்கையில் யார் கையொப்பமிடுவார் என்று முதல் நாளே வகுப்பாசிரியரோடு பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் போவது நல்லது. வகுப்பு வாசலில் தனக்காக ஒருவர் நிற்கிறார் என்று பிள்ளை பார்க்க வேண்டும்.

பிள்ளை படிக்கவே மாட்டேன் என்கிறது. கொப்பியைத் திறப்பதே இல்லை.

முதல் மாதம் விட்டுவிடுங்கள். பாடசாலைக்குப் போய்வந்தால் போதும். சாப்பிடுகிறதா, தூங்குகிறதா என்று பாருங்கள். இரவில் தூங்காத பிள்ளை பகலில் எதையும் படிக்காது. ‘இவ்வளவு செய்கிறோம், நீ படிக்கிறாய் இல்லையே’ என்ற வசனத்தை மட்டும் சொல்லாதீர்கள். தம்பி தங்கை வேறு இல்லத்தில் இருந்தால் அவர்களைப் பார்க்கவும் போனில் கதைக்கவும் ஒழுங்கு செய்யுங்கள். தம்பி எங்கே என்று தெரியாத அக்காவுக்கு வரலாறு மனதில் ஏறாது. ஒரு மாதம் கழித்து, அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டு அதில் தொடங்குங்கள்.

டியூஷன் போட வேண்டுமா?

ஒரு பாடத்துக்குப் போடலாம். ஒன்பது பாடத்துக்கும் போட்டால் பிள்ளைக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் பாடநூல்கள் தமிழில் இலவசமாக இருக்கின்றன. பல்கலைக்கழக அக்கா ஒருவர் வாரத்தில் ஒரு நாள் வந்து கூட உட்கார்ந்தால், வெள்ளவத்தையில் 200 பேரோடு இருத்தும் வகுப்பைவிட அதுவே பெரிய உதவி.

எங்குமே சரிவரவில்லை என்றால் யாரிடம் போவது?

வலயக் கல்விப் பணிப்பாளர், பிறகு மாகாண நன்னடத்தைத் திணைக்களம். பிள்ளைக்குப் பாடசாலை மறுக்கப்பட்டாலோ, பாடசாலையில் அடி, அவமானம், தொந்தரவு என்றாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. தமிழில் பேசலாம். கல்வி உரிமை மறுக்கப்படுகிறது என்று இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் தமிழில் எழுதி முறையிடலாம். போகும்போது பிரதிகளும் திகதிகளும் உள்ள உங்கள் பைலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

நாளைக்குப் பிள்ளை வருகிறது. இன்றைக்கு நான் என்ன செய்யட்டும்?

பழைய வகுப்பாசிரியரின் போன் இலக்கத்தைத் தேடி எடுங்கள். ஒரு பைல், ஒரு பேனை, ஆறு ஒற்றைக்கோட்டுக் கொப்பி வாங்குங்கள். பிறவுண் பேப்பரும் வாங்குங்கள், ஆனால் உறையை நீங்கள் போட்டுவைக்க வேண்டாம். பிள்ளை வந்து சாப்பிட்டு முடித்த பிறகு, மேசையில் இருவருமாக உட்கார்ந்து போடுங்கள். பெயரை அவள் எழுதட்டும். பாடசாலையின் பெயருக்கான கோட்டை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள்.